பொருளடக்கம்

குஷிரோவில் மூடுபனி இறங்கினால்
முதலில் துருப்பிடிப்பது ஸ்பிரிங்.
பிறகுதான் சைக்கிள்.

ஐஸ் ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்து
காலை ஆறரைக்கு மேசை விளக்கைப் போடுகிறேன்.
கீழே சலவைக் கடையில் டிரையர்கள் சுற்றத் தொடங்கும்.
லேசரைத் தொடுகிற வேலையை
அவை நிற்கும்வரை தள்ளிவைக்க வேண்டும்.

நெமுரோவிலிருந்து பொட்டலம்.
அனுப்பியவர்: ஒரிகாசா கிமியே.
ஒற்றைக் கம்பளிக் காலுறைக்குள் மினிடிஸ்க் ரெக்கார்டர்,
அதற்குள் வெளிவர மறுக்கும் ஒரு தட்டு.
கடிதம் நான்கே வரி:

"2002, புத்தாண்டுக்கு முந்தைய இரவு.
படகு எனக்கென்று தம்பி சொன்னது இதில் இருக்கிறது.
இப்போது சொல்லவேயில்லை என்கிறான். அவன் காதில் போட வேண்டும்.
செலவைப் பற்றிக் கவலையில்லை."

அப்படி எழுதுகிறவர்களிடம்
நான் முன்பணம் வாங்கிவிடுவேன்.

ஏழு ஸ்க்ரூ, எள்ளைவிடச் சிறியவை.
பேட்டரி அறையில் பச்சை பூத்திருந்தது;
வினிகர் தொட்ட பஞ்சுக்குக் கரைந்தது.
பற்சக்கரத்தில் கிரீஸ்
கம்பிப்பதம் தாண்டிய பாகாய் இறுகிக் கிடந்தது.
எழுதும் தலையைத் தாங்கும் கை வளைந்து
தட்டின்மேல் அப்படியே குந்தியிருந்தது,
இலை எடுத்த பிறகும் எழாத விருந்தாளி.
சாமணத்தால் ஒரு நூல் உயரம் தூக்கினேன்.
வந்துவிட்டது.

வேறொரு கருவியில் போட்டேன்: வெற்றுத் தட்டு.
துடைத்துப் போட்டேன்: வெற்றுத் தட்டு.

வெற்று அல்ல.
கீழிருந்து லேசர் சுட, மேலிருந்து காந்தம் திருப்ப,
சூட்டில் எழுதியது லேசில் போகாது.
குளிரில் பேட்டரி செத்திருக்கும்,
கடைசியாக எழுத வேண்டிய பொருளடக்கத்தை
எழுதுவதற்குச் சற்று முன்.
புத்தகம் முழுதாக இருக்கிறது.
முதல் பக்கம் மட்டும் ஒன்றுமில்லை என்கிறது,
இயந்திரம் அதற்குமேல் புரட்டுவதில்லை.

ஆகவே ஏமாற்ற வேண்டும்.
எழுபத்துநாலு நிமிடம் மழை பதிந்த என் தட்டை
மூடி கழற்றிய பழைய டெக்கில் ஏற்றி,
தலைப்பில் ஓர் எழுத்தை மாற்றி,
தட்டு போய்விட்டதென்று கோள்சொல்லும் குட்டி சுவிட்சைப்
பல்குச்சியால் அழுத்திப் பிடித்தபடி
என்னுடையதை உருவி, அவருடையதை வைத்தேன்.
ஸ்டாப்.
டெக் முனகியது.
என் மழையின் பொருளடக்கத்தை
அவருடைய புத்தாண்டுக்குத் தலையெழுத்தாக எழுதியது.

முழுப் பொய்.
கதவு திறந்தது.

கேட்கக் கூடாது. சரிபார்க்கிறேன் என்று கேட்டேன்.
கெண்டி கொதிக்கிறது. யாரோ ஆரஞ்சு உரித்து
யாரோ வேண்டாம் என்கிறார்கள்.
கோயில் மணி, நூற்றெட்டு அடிப்பார்கள்,
முப்பதோடு எண்ணுவதை விட்டேன்.
அறுபத்தோராம் நிமிடம், அறையின் அந்தக் கோடியிலிருந்து ஆண்குரல்:
"அக்கா, அந்தப் படகு—"
அதே நொடி, மைக்கை ஒட்டி ஒரு பெண்:
"முதல்ல சாப்பிடு, நூடுல்ஸ் ஊறிப்போகும்!"

ஒலியளவைத் தானே சரிசெய்யும் சர்க்யூட்
பெரிய குரலுக்குப் பயந்து வீட்டையே தாழ்த்திவிட்டது.
மறுபடி மெல்ல உயர்த்தியபோது
தம்பி சொல்லி முடித்திருந்தான்.
உறிஞ்சும் சத்தம்.

மூன்று முறை. ஹெட்போனை மாற்றி இன்னொரு முறை.
படகு. பிறகு நூடுல்ஸ்.

பில்லில் எழுதினேன்:
கை நிமிர்த்தியது, கிரீஸ் மாற்றியது, பொருளடக்கம்.
காதில் விழுந்ததை எழுதவில்லை.
தட்டின் ஓரத்துச் சின்னச் சன்னலைத் திறந்துவைத்து அனுப்பினேன்;
அது திறந்திருந்தால்
யாராலும் எதையும் அழிக்க முடியாது.

பதினெட்டு நாள் கழித்து
காய்ந்த கணவாய் அரைக்கிலோ, கூடவே ஓர் அட்டை.
"கேட்டேன். அவ்வளவு சத்தமாகவா பேசுகிறேன் நான்?
அந்தச் சின்னச் சன்னலை எப்படி மூடுவது?"

கணவாயைப் பல்லால் இழுத்துக்கொண்டே
பதில் எழுதினேன்:
நகத்தால் தள்ளினால் போதும்.